வசதிக்கேற்ற வகுப்புக் கட்டணம்: முழுச் செலவைச் சொல்லிவிட்டுப் படி போடுங்கள்

திருகோணமலை நகரில் தையலும் ஆரி வேலையும் பழக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கிழமைக்கு இரண்டு நாள் வகுப்பு, பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் மாதம் 2,500 ரூபாய். சிலர் காசு கட்ட முடியாமல் இடையில் நின்றுவிடுகிறார்கள். வேறு சிலருக்கு அது ஒரு காசே இல்லை. ஆளின் வசதிக்கு ஏற்றபடி கட்டணம் வைக்கலாமா, வைத்தால் எல்லாரும் குறைந்த காசையே கட்டிவிட்டால் என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி. துணியில் மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் பத்திக் வேலைக்கு இரண்டு நாள் பட்டறை ஒன்றும் போட யோசிக்கிறார். அதற்கும் இதே முறை சரிவருமா என்றும் கேட்கிறார்.

தங்கச்சி, தாராளமாக வைக்கலாம். நகரில் மாலை வகுப்புகள் நடக்கும் இடங்களில் பல வருடம் கணக்கு வழக்குப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த முறை உடைவது பெரும்பாலும் படிக்க வருகிறவர்கள் ஏமாற்றுவதால் இல்லை. நடத்துகிறவர் தன்னுடைய உண்மையான செலவைக் கணக்குப் பார்க்காமல், பார்த்தாலும் வெளியில் சொல்லாமல், மனதுக்குப் பட்ட மூன்று தொகைகளை எழுதி ஒட்டிவிடுவதால்தான் உடைகிறது. முழு விலை என்ன என்று தெரியாத இடத்தில், கூடக் கட்டுகிறவருக்குத் தன் காசு எங்கே போகிறது என்று தெரியாது. குறையக் கட்டுகிறவருக்கு அந்தக் குறை யார் தலையில் விழுகிறது என்று தெரியாது. அப்படியான இடத்தில் எல்லாரும் குறைந்ததைத்தான் கட்டுவார்கள், அதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை.

ஆகவே முதல் வேலை கொப்பியும் பேனையும். உங்கள் செலவு எனக்குத் தெரியாது, எழுதும் முறையைக் காட்ட ஒரு உதாரணம் போடுகிறேன். அறை வாடகை 6,000. கரண்ட் 1,500. மெஷின் சேர்விஸ், எண்ணெய், ஊசி 1,500. நீங்கள் போய்வரும் ஓட்டோ, பஸ் 2,000. மெஷின்கள் என்றோ ஒருநாள் மாற்ற வேண்டிவரும், அதற்காக மாதம் 2,000 ஒதுக்குங்கள். பழகும் துணி, நூல், மணி எல்லாம் ஒருவருக்கு 400 என்றால் பன்னிரண்டு பேருக்கு 4,800. இதுவரை 17,800 ரூபாய்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பேனையை மூடிவிடுகிறார்கள். உங்கள் உழைப்பு எங்கே? மாதம் எட்டு வகுப்பு, ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். மாதிரி வெட்டுவது, சாமான் வாங்கப் போவது, பிள்ளைகள் கெடுத்த தையலைப் பிரித்துவைப்பது என்று வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் வெளியில் போகிறது. மொத்தம் 32 மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்துக்கு 500 ரூபாய் என்று வைத்தாலே 16,000. எல்லாம் சேர்ந்து 33,800. பன்னிரண்டு பேரும் மாதம் தவறாமல் வந்து கட்டினால் ஆளுக்கு 2,800 ரூபாயை ஒட்டி வரும். ஆனால் யாராவது ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வீட்டில் செத்தவீடு, ஒருவருக்குக் கலியாணம் என்று பத்துப் பேரின் காசுதான் கைக்கு வரும். பத்துப் பேர் என்றால் துணிச்செலவும் 800 குறையும், மொத்தம் 33,000. ஆக ஒருவருக்கு 3,300. இதுதான் உங்கள் வகுப்பின் முழுச் செலவு.

இப்போது நீங்கள் வாங்கும் 2,500 ஐப் பாருங்கள். பன்னிரண்டு பேரும் கட்டினால் 30,000. உழைப்பு தவிர்ந்த செலவு 17,800 போக உங்களுக்கு 12,200. இரண்டு பேர் நின்றுவிட்ட மாதத்தில் 8,000. அது மணித்தியாலத்துக்கு 250 ரூபாய். அதாவது நீங்கள் ஏற்கெனவே பன்னிரண்டு பேருக்கும் ஒரே அளவில் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நகரில் சொந்தக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் தள்ளுபடி, புடவைக் கடையில் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைக்கும் அதே தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியைத் தேவையான இடத்துக்கு நகர்த்துவதுதான் நீங்கள் செய்யப்போகும் வேலை.

சரி, மூன்று படி போடுவோம்: 2,000, 3,300, 4,500. நடுவில் இருப்பது முழுச் செலவு. கீழே 1,300 குறைகிறது, மேலே 1,200 கூடுகிறது. ஐந்து பேர் முதற்படி, ஐந்து பேர் நடுப்படி, இரண்டு பேர் மேற்படி என்று வந்தால் 35,500 ரூபாய் சேரும். செலவு 33,800 போக 1,700 மிச்சம். எல்லாரும் குறைந்ததை எடுத்துவிட்டால் என்ற உங்கள் பயத்தையும் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஏழு பேர் முதற்படி, நான்கு பேர் நடு, ஒரே ஒருவர் மேலே என்றாலும் 31,700 வருகிறது. முழுச் செலவுக்கு 2,100 குறைவு, ஆனால் இன்று நீங்கள் வாங்கும் 30,000 ஐ விடக் கூட. பன்னிரண்டு பேருமே 2,000 கட்டினால்தான் 24,000 ஆகி உங்கள் கையில் 6,200 மட்டும் நிற்கும். அது நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன். கணக்கு எழுதினால் பயத்துக்கு ஒரு அளவு கிடைக்கும், அதற்காகத்தான் இவ்வளவு நேரம் இதில் நிற்கிறேன்.

முதற்படியை எவ்வளவு கீழே கொண்டுபோகலாம்? மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது என்றால், புதிதாக வருகிற ஒருவரால் உங்களுக்குக் கூடுகிற செலவு அந்த 400 ரூபாய்தான். அவர் 1,000 கட்டினாலும் உங்கள் பெட்டிக்கு 600 வருகிறது. ஆகவே வெறுமையாக இருக்கும் இருக்கையைக் குறைந்த காசுக்குக் கொடுப்பது நட்டம் இல்லை. ஆனால் மெஷின் எல்லாம் நிரம்பி, வெளியில் ஆட்கள் காத்திருக்கும்போது கதை வேறு. அப்போது ஒவ்வொரு முதற்படி இருக்கையாலும் உங்களுக்கு 1,300 ரூபாய் குறைகிறது. அந்த நிலையில் முதற்படிக்கு ஐந்து இடம், ஆறு இடம் என்று ஒரு எல்லை வைத்து, அதை வெளிப்படையாகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்தது ஏமாற்றும் பயம். முடிந்ததைக் கொடுங்கள் என்று பெட்டியை மட்டும் வைத்துவிடுவதும், முழுச் செலவைச் சொல்லிப் படி போடுவதும் ஒன்றில்லை. 2010 இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றில், ரோலர் கோஸ்டர் போன்ற வண்டியில் ஏறியவர்களின் படத்தை அவர்களுக்கே விற்றுப் பார்த்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். விருப்பமானதைக் கொடுங்கள் என்றபோது நிறையப் பேர் வாங்கினார்கள், ஆனால் சராசரியாக ஒரு டொலர்கூடக் கொடுக்கவில்லை. விருப்பமானதைக் கொடுங்கள், அதில் பாதி தருமத்துக்குப் போகும் என்றபோது சராசரி ஐந்து டொலருக்கு மேலே போனது. தன் காசு யாருக்கு என்ன செய்யும் என்று தெரிந்தவுடன் கை தாராளமாகிறது. அமெரிக்காவில் பனேரா நிறுவனம் 2010 இல் தொடங்கிய, முடிந்ததைக் கொடுத்துச் சாப்பிடும் உணவகங்கள் 2019 இல் கடைசியாக ஒன்றும் மூடப்பட்டதோடு முடிந்துபோயின. நல்ல மனது மட்டும் போதாது என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

நின்று பிடித்தவையும் இருக்கின்றன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டொக்டர் வெங்கடசாமி 1976 இல் பதினொரு கட்டிலோடு தொடங்கினார். காசு கட்டும் நோயாளியின் கட்டணத்தில் கட்டாதவருக்கும் கண் வெட்டும் முறை அது. ஏழை என்று கடிதம் கொண்டுவா என்று கேட்பதில்லை, எந்தப் பக்கம் போவது என்பதை வருகிறவரே முடிவுசெய்கிறார். வைத்தியர்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். கட்டுகிறவருக்கு அறை, கட்டில், குளிரூட்டி போன்ற வசதிகள் கூடும், அவ்வளவுதான். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2002 இல் தொடங்கிய ஒரு அக்குபங்சர் நிலையம், நீண்ட காலம் 15 முதல் 35 டொலர் வரை என்று எழுதிவைத்து, அதற்குள் எதைக் கட்டுவது என்பதை நோயாளியிடமே விட்டது. வருமானச் சான்று கேட்கவில்லை. ஒரே அறையில் பலருக்கு ஒரே நேரத்தில் வைத்தியம் செய்ததால் அந்தக் காசில் ஓடியது.

இந்த இரண்டிலும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று, எடுக்கக் கூடாதது ஒன்று. எடுக்க வேண்டியது, ஆட்கள் நிரம்பினால்தான் இந்த முறை ஓடும் என்பது. நான்கு பேர் மட்டும் படிக்கும் வகுப்பில் படி போடாதீர்கள், ஒருவர் கீழே இறங்கினாலே உங்கள் வாடகை ஆடும். எடுக்கக் கூடாதது, காசுக்கேற்ற வசதி வேறுபாடு. ஆஸ்பத்திரி வாட்டில் அது சரி. பன்னிரண்டு பேர் ஒரே அறையில் இருந்து தைக்கும் இடத்தில் 4,500 கட்டியவருக்கு ஜன்னலோரம் நல்ல மெஷின், 2,000 கட்டியவருக்குப் பெடல் இறுகின பழைய மெஷின் என்று வந்தால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

குறையக் கட்டுகிறவர் தலைகுனியாமல் இருப்பதுதான் காசைவிட எனக்குப் பெரிய விஷயம். ஒரு இடத்தில் நான் கண்டது. வரவுக் கொப்பி வாசலில் மேசையில் விரித்துக் கிடக்கும். எல்லாரும் தங்கள் பெயருக்கு நேரே ஒப்பம் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். சலுகை பெற்ற நான்கு பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ‘அரை’ என்று எழுதியிருந்தது. அந்த நான்கில் ஒரு பிள்ளை எப்போதும் பத்து நிமிடம் பிந்தித்தான் வரும். கொப்பியை அலுமாரிக்குள் எடுத்துவைத்த பிறகு வந்து, பிறகு ஒப்பம் வைக்கிறேன் மிஸ் என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கில் இருக்கும். நல்ல கைவேலை உள்ள பிள்ளை. மூன்றாம் மாதம் வரவில்லை. அரைக் கட்டணத்தைக்கூட அது கட்டத் தயாராகத்தான் இருந்தது. அந்தச் சிவப்பு மையைத்தான் அதனால் தாண்டிவர முடியவில்லை.

ஆகவே வரவுக் கொப்பி வேறு, காசுக் கொப்பி வேறு. காசுக் கொப்பியை உங்களைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது, உங்களுக்கு உதவிக்கு நிற்கும் பிள்ளைகூட. பற்றுச்சீட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி, படியின் பெயர் அதில் வேண்டாம். கையில் வாங்குவதென்றால் மூடிய என்வலப். முடிந்தவர்களை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி, சிட்டையின் படத்தை வகுப்புக் குழுவுக்கு இல்லாமல் உங்களுக்குத் தனியாக வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். காசு கட்டாதவர்களின் பெயரைக் குழுவில் போடும் பழக்கம் சில வகுப்புகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

கடிதமும் கேட்காதீர்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதம், அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் காசு பெறுகிற அத்தாட்சி என்று கேட்கலாம் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். அஸ்வெசும 2023 இல் வந்தபோது பட்டியலில் பெயர் வராமல் மேன்முறையீடு செய்தவர்கள் எத்தனை பேர் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அரசாங்கத்தின் பட்டியலுக்கே தடுமாற்றம் என்றால், ஒரு தையல் வகுப்பு அந்தப் பட்டியலை வைத்து ஆளை அளப்பது நியாயமா? கடிதம் எடுக்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும், அதுவும் ஒரு கட்டணம்தான். ஒருவர் இருவர் பொய் சொல்லி முதற்படியில் ஏறுவார்கள். ஏறட்டும். அவர்களைப் பிடிக்கப்போய் உண்மையான நான்கு பேரைத் தலைகுனிய வைப்பதைவிட அந்த 1,300 ரூபாய் மலிவு.

நம் ஊர் ரியூஷன் மாஸ்டர்மார் பலர் கஷ்டப்பட்ட பிள்ளையிடம் காசு வாங்காமல் விட்டிருக்கிறார்கள், இன்றும் விடுகிறார்கள். 1945 இல் இலவசக் கல்வி வந்த நாட்டில் ரியூஷன் இல்லாமல் பரீட்சை இல்லை என்றான பிறகு, அந்த மனிதர்களால் படித்து மேலே வந்த பிள்ளைகள் எத்தனையோ. ஆனால் அந்த முறையில் தாயோ தகப்பனோ போய் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்கத் தைரியம் உள்ளவருக்குக் கிடைக்கும், இல்லாதவர் பிள்ளையை நிறுத்திவிடுவார். அறிவித்தலிலேயே மூன்று தொகையும் இருந்தால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆள் இடையில் நிற்காமல் தொடர்ந்து வரப் படிக்கட்டணம் செய்கிற உதவி பெரும்பாலும் இதுதான்.

அறிவித்தலை எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

“இந்த வகுப்பை நடத்த ஒருவருக்கு மாதம் 3,300 ரூபாய் செலவாகிறது. கீழே உள்ள மூன்றில் உங்களுக்குப் பொருந்துவதை நீங்களே தெரிவுசெய்யுங்கள். காரணம் கேட்கமாட்டோம், கடிதம் எதுவும் தேவையில்லை.

2,000 ரூபாய்: மாதக் கடைசியில் பஸ் காசுக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது, கிழமைக் கடன் கட்டுகிறேன், அல்லது வீட்டில் ஒரே வருமானம், அதுவும் கூலி வேலையில் அல்லது கடலில்.

3,300 ரூபாய்: மாதச் சம்பளமோ நிலையான வியாபாரமோ உண்டு, வீட்டுச் செலவு ஓடுகிறது, திடீர்ச் செலவு வந்தால் மட்டும் கஷ்டம்.

4,500 ரூபாய்: சொந்த வீடும் சேமிப்பும் உண்டு, அல்லது வெளிநாட்டிலிருந்து ஒழுங்காகக் காசு வருகிறது. இதில் கூடுகின்ற 1,200 ரூபாய் இன்னொருவர் இடையில் நிற்காமல் பழக உதவும்.

மூன்றுக்கும் ஒரே வகுப்பு, ஒரே மெஷின், ஒரே சான்றிதழ்.”

மாத வருமானம் இத்தனை ஆயிரத்துக்குக் கீழ் என்றால் முதற்படி என்று எழுதலாமே என்று தோன்றும். நம் மாவட்டத்தில் அது சரிவராது. மாத வருமானம் என்ன என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்லக்கூடியவர்கள் சம்பளக்காரர்கள் மட்டும்தான். அவர்களிலும் வாடகை வீடா, சொந்த வீடா, யாருக்கு மருந்து எடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். தனியார் துறைக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியில் 30,000 ஆனது. அந்தச் சம்பளத்துக்குக் கடையில் நிற்கும் பிள்ளைக்கு 3,300 என்பது சம்பளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அதே 30,000 இரண்டாவது சம்பளமாக வரும் வீட்டுக்கு அது பெரிய சுமை இல்லை. தொகையைச் சொல்வதைவிட வாழ்க்கை எப்படிப் போகிறது என்று எழுதினால் ஆட்கள் தங்களைத் தாங்களே சரியாகப் பொருத்திக்கொள்வார்கள். முதல் வரியில் முழுச் செலவு இருப்பதைக் கவனியுங்கள். அந்த வரியை எடுத்துவிட்டால்தான் பன்னிரண்டு பேரும் 2,000 க்கு இறங்குவார்கள்.

எழுத்தில் போட்டால் மட்டும் போதாது. முதல் நாளில் எல்லாரையும் இருத்தி, மேலே போட்ட கணக்கை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். வாடகை இவ்வளவு, நூல் இவ்வளவு, என் உழைப்பு இவ்வளவு என்று. உழைப்புக் காசைச் சொல்ல நா எழாது, ஆனால் சொல்லுங்கள். வசதியான அக்காமார் பலர் உங்கள் செலவைப் பற்றி ஒருநாளும் யோசித்திருக்கமாட்டார்கள். கேட்டவுடன் அவர்களில் இரண்டு பேராவது தாங்களாகவே மேலே ஏறுவார்கள்.

திருகோணமலையில் காலத்தையும் பார்க்க வேண்டும். வேறு ஊர் ஆட்கள் எழுதிய வழிகாட்டலில் இது இருக்காது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதியிலும் படகிலும் வேலை செய்கிறவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல உழைப்பு. கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் கடலுக்குப் போகிற வீடுகளில் பல நாள் வருமானமே இராது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் வயல் செய்கிற வீடுகளில் பெரும்போக வெட்டு முடிந்த பிறகுதான் கையில் காசு புரளும், விதைக்கிற காலத்தில் எல்லாக் காசும் வயலுக்குள் கிடக்கும். ஆகவே ஆடியில் மேற்படியைத் தெரிவுசெய்தவர் மார்கழியில் முதற்படிக்கு வரலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரிடமும் புதிதாகத் தெரிவுசெய்யச் சொன்னால், மாறுகிறவர் தனியாகத் தெரியமாட்டார். அறுவடை முடிந்து மூன்று மாதக் காசையும் சேர்த்துக் கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள், காசுக் கொப்பியில் திகதியைப் போட்டுவையுங்கள்.

தூரமும் ஒரு செலவு. மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வருகிற பிள்ளை வகுப்புக் காசுக்கு மேலே பஸ் காசும் கட்டுகிறது. மாதம் எட்டுத் தரம் போய்வந்தால் அது சின்னத் தொகை இல்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு நகரத்துக்கு வருவது எவ்வளவோ சுலபமானது, ஆனால் பயணக் காசு குறைந்துவிடவில்லை. அங்கிருந்து மூன்று நான்கு பேர் வருகிறார்கள் என்றால், எட்டுக் குறுகிய வகுப்பை நான்கு நீண்ட வகுப்பாக்க முடியுமா என்று பாருங்கள். சில வேளை கட்டணத்தைக் குறைப்பதைவிட அது கூட உதவும்.

சில விஷயங்களில் என் மனதில் உள்ளதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். முற்கூட்டியே முழுக்காசு கட்டினால் கழிவு என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள், கையில் காசு உள்ளவருக்கே அந்தக் கழிவு போகிறது. காசுக்குப் பதில் வேலை என்பதிலும் கவனமாக இருங்கள். முதற்படிக்காரர் மட்டும் நின்று அறையைக் கூட்டுவது, தேத்தண்ணிக் கோப்பை கழுவுவது என்று வந்தால் சிவப்பு மை இன்னொரு வடிவில் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். கூட்டுவதென்றால் பன்னிரண்டு பேரும் முறை வைத்துக் கூட்டட்டும். முழு இலவசம் கேட்டு யாராவது வந்தால் மறுக்காதீர்கள், ஆனால் நூறோ இருநூறோ வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு காசும் கட்டாத இடத்துக்கு ஆட்கள் மழை தூறினாலும் வராமல் விடுவார்கள், கட்டாமல் இருக்கிறோமே என்ற கூச்சமும் அவர்களுக்கு இருக்கும்.

மிச்சம் வருகிற காசை என்ன செய்வது? உதாரணத்தில் 1,700 மிஞ்சியது. அதை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனியாக வையுங்கள். வாடை மாதங்களில் மேற்படி குறையும்போது அதிலிருந்து எடுக்கலாம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவுக்காரர் ஒரு பிள்ளைக்கு நான் கட்டுகிறேன் என்று சொல்லக்கூடும். வாங்கி அந்தப் பொதுக் காசில் போடுங்கள், எந்தப் பிள்ளை என்று பெயரோ படமோ அனுப்பாதீர்கள். அதைக் கேட்டுத்தான் தருவோம் என்பவரின் காசு இல்லாமலும் வகுப்பு நடக்கும்.

இனிப் பத்திக் பட்டறை. அதற்கு இதே முறையை அப்படியே வைத்தால் கையைச் சுடும். மாத வகுப்பில் பெரும் செலவு உங்கள் உழைப்பும் வாடகையும், ஒருவர் கூடினால் 400 தான் கூடும். பட்டறையில் துணி, மெழுகு, சாயம், இரண்டு நாள் மத்தியானச் சாப்பாடு, தேத்தண்ணி என்று ஒவ்வொரு தலைக்கும் காசு போகிறது. அது ஒருவருக்கு 1,800 என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்துக்கு இரண்டு நாளுக்கு 5,000, உங்கள் உழைப்பு ஆயத்தத்தோடு 22 மணித்தியாலம், அதாவது 11,000. இந்தப் பதினாறாயிரத்தைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் 1,600. ஆக முழுச் செலவு 3,400. இதில் பொருட்காசு 1,800 ஐ எல்லாருக்கும் ஒன்றாக வையுங்கள். படி போடுவது மற்ற 1,600 இல் மட்டும்: 600, 1,600, 2,600. மொத்தமாக 2,400, 3,400, 4,400 என்று வரும். எவ்வளவு கீழே இறங்கினாலும் உங்கள் கையால் துணி வாங்கிக் கொடுக்கும் நிலை வராது.

2,400 உம் சிலருக்குக் கூடத்தான். அதைக் குறைக்க முதற்படிக்காரருக்குச் சின்னத் துணி கொடுக்கும் எண்ணம் வேண்டாம். எல்லாருமே சேலைக்குப் பதில் மெத்தை உறையோ கைக்குட்டையோ செய்கிற மாதிரிப் பட்டறையைத் திட்டமிடுங்கள். பொருட்காசு பாதியாகக் குறைந்துவிடும், புதிதாகப் பழகுகிறவர் ஆறு யார்த் துணியில் மெழுகைக் கெடுத்துக்கொண்டு நிற்கவும் மாட்டார். பதியும்போது பொருட்காசில் பாதியை எல்லாரிடமும் வாங்குங்கள். சாயமும் மெழுகும் முன்கூட்டியே அளவாக வாங்க வேண்டிய சாமான், பத்துப் பேர் என்று வாங்கிவைத்த பிறகு ஆறு பேர் வந்தால் உங்கள் இரண்டு நாள் உழைப்பு அதற்குள் போய்விடும்.

பட்டறையால் இன்னொரு வழியும் திறக்கிறது. சீசன் மாதங்களில் உப்புவெளிக்கு வருகிற வெளிநாட்டாருக்கும் கொழும்பாருக்கும் அரைநாள் பத்திக் வகுப்பு ஒன்று போடுங்கள். அதற்குப் படி வேண்டாம், ஒரே விலை, நல்ல விலை. விடுதிக்காரருக்குத் தரகு கொடுக்க வேண்டிவரும், அதையும் விலைக்குள் போடுங்கள். அதில் மிஞ்சுவதில் ஒரு பங்கை வாடை மாதங்களின் தையல் வகுப்புக்கு ஒதுக்கினால், மேற்படியில் ஆட்கள் குறைந்த மாதமும் உங்கள் சம்பளம் குறையாது. வருகிறவர்களிடமும் அதைச் சொல்லலாம், சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

விலையை ஒரு தடவை எழுதினால் ஆயுளுக்கும் என்று நினைக்காதீர்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு நின்றபோது பழைய கட்டணத்தில் வகுப்பு நடத்திய பலர் நூல் வாங்கவே கடன்பட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது முழுச் செலவை மறுபடி எழுதுங்கள். அது ஏறினால் மூன்று படியும் ஏறட்டும், கணக்கு எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஏன் கூட்டினீர்கள் என்று யாரும் கோபிக்கமாட்டார்கள்.

கடைசியாக, இப்போது 2,500 கட்டிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு முதலில் நேரே சொல்லுங்கள், சுவரில் ஒட்டுவது பிறகு. நடுப்படி 800 ரூபாய் கூடுவதால் சிலர் முகம் சுழிப்பார்கள், அவர்களில் ஒருவர் இருவர் விலகவும் கூடும். தொடங்குகிற மூன்று மாதத்துக்குப் பழைய ஆட்கள் விரும்பினால் 2,500 ஐயே தொடரலாம் என்று விட்டுவிடுங்கள். அதற்குள் புதிதாக வருகிறவர்கள் எந்தப் படியை எடுக்கிறார்கள் என்று காசுக் கொப்பியில் தெரிந்துவிடும். முதற்படியில் ஏழு பேருக்கு மேல் நின்றால் உடனே தொகைகளை மாற்றாதீர்கள். அந்த ஏழு பேரும் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உண்மையான கஷ்டம்தான் என்றால், கிராம அபிவிருத்திச் சங்க மண்டபமோ கோயில் மடமோ வாடகை குறைவாகக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். 6,000 வாடகை 2,000 ஆனால் அந்த மாதத்தின் குறை அதிலேயே அடைபட்டுவிடும்.